பெட்ரிசியா தேர்ந்தெடுத்த கல்

மலேசியாவின் செனாவாங் சிப் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகக் குனிந்து பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே பெட்ரிசியாவின் கழுத்து முன்னால் வளைந்துவிட்டது. சிப்பில் ஒரு புள்ளி தெரிந்தால் ரிஜெக்ட். அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பசாரில் கத்தரிக்காய் வாங்கினால்கூட கடைக்காரனை அழவைத்துவிட்டுத்தான் நகர்வாள்.

தம்பி ஜேசன் நிலானியைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னதும் அவளுக்கு அம்மாவின் நினைவுதான் வந்தது. பெடாஸ் ரப்பர் தோட்டத்தில் இவர்களுடைய அம்மா பால்மரம் வெட்டிய காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நிலானியின் தாத்தாதான் அங்கே கணக்கெழுதும் கிராணி. அவரிடம் பேச வேண்டுமென்றால் அம்மா ஆபீஸ் படிக்குக் கீழேயேதான் நிற்க வேண்டும். நிச்சயதார்த்த மோதிரத்திலாவது அந்த வீட்டார் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று பெட்ரிசியா கங்கணம் கட்டிக்கொண்டாள்.

நகைக்கடைச் சந்திரன் ஒரே எடை, ஒரே விலையில் இரண்டு வைரங்களை வைத்தான். ஒன்று கண்ணைப் பறித்தது. பெட்ரிசியா லென்ஸை வாங்கிப் பார்த்தாள். உள்ளே ஒரு கரும்புள்ளி.

"அது வெறுங்கண்ணுக்குத் தெரியாதுக்கா. வெட்டு நல்லா இருக்கு, அதான் வெளிச்சம் திரும்பி மேல வருது. இன்னொண்ணு சுத்தம்தான், ஆனா அடி ரொம்ப ஆழம். வெளிச்சம் கீழயே ஓடிரும்லா," என்றான் சந்திரன்.

"எனக்கும் இதுதான் பிடிச்சிருக்குக்கா," என்றான் ஜேசன்.

"நீ சும்மா இருடா. புள்ளி உள்ளத நான் எப்படி பாஸ் போடுறது?"

கடைக்காரன் பழுதை நம் தலையில் கட்டப் பார்க்கிறான் என்றே நினைத்தாள். சுத்தமான கல்லை வாங்கிக்கொண்டு வந்தாள்.

நிச்சயதார்த்தத்தன்று நிலானியின் விரலில் அந்தக் கல் நடுவில் இருண்டு, கண்ணாடித்துண்டு போலக் கிடந்தது. அவளுடைய அம்மா சிவபாக்கியம் மகளின் கையை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இது வைரந்தானே, பிள்ளை?"

பெட்ரிசியாவிடம் குத்தல் இல்லாமல்தான் கேட்டார். அதுதான் அவளைக் கொன்றது. கைப்பையிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டினாள். "ஒரு புள்ளி கிடையாது ஆன்ட்டி, நீங்களே பாருங்க."

சிவபாக்கியம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "ஓம், சுத்தம் முதல் தரம். வெட்டு, ஃபேர் எண்டு கிடக்கு. ஃபேர் எண்டால் சுமார்தானே?"

அந்த வரியை பெட்ரிசியாவும் படித்திருந்தாள். ஃபேர் என்றால் பாஸ் என்று விட்டிருந்தாள். ரிஜெக்ட் என்று எங்கும் எழுதியிருக்கவில்லையே.

"எனக்குப் பிடிச்சிருக்கும்மா," என்றாள் நிலானி அவசரமாக. ஜேசன் சான்றிதழை வாங்கி மடித்து பெட்ரிசியாவின் கைப்பையில் வைத்தான். அன்றைக்கே நான் சொன்னேனே என்று அவன் கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவளுக்கு. அம்மாவை அந்த வீட்டார் கீழே நிற்கவைத்தார்கள். தம்பியை நானே நிற்கவைத்துவிட்டேன் என்று நினைத்தாள்.

"தங்கச்சி, மோதிரம் தெரியிற மாதிரி கைய வைங்க," என்றார் படம் பிடிப்பவர்.

நிலானி சிரித்துக்கொண்டே மற்றக் கையை எடுத்து மோதிரத்தின் மேல் வைத்தாள்.