அக்கரையிலிருந்து கூப்பிட்ட பெயர்

சூடான காப்பிப் பாத்திரத்தை இறக்கி வைக்க எங்கள் சமையலறையில் ஒரு நீல ஓடு இருக்கிறது. அதில் பல வளைவுகள் கொண்ட கல்பாலத்தின் படம், கீழே ஒரு ஆறு. ஒரு மூலை உடைந்துவிட்டது. கபோ சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில் நான் வேலைக்கு நின்று பார்த்துக்கொண்ட வயதான சிஞ்ஞோராவின் வீட்டிலிருந்து வந்த ஓடு அது. சிஞ்ஞோரா என்றால் இத்தாலியர் பாஷையில் அம்மணி. படத்தில் உள்ள ஆற்றின் பெயர் லீமா.

சிஞ்ஞோராவின் கணவருக்குப் பழைய போர்கள் மேல் பைத்தியம். மற்றவர்கள் கடற்கரைக்குப் போகும் கோடையில், இவர் மனைவியைப் படைகள் ஆறு கடந்த இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு அலைவாராம். போர்த்துக்கல்லின் வடக்கே லீமாவுக்கும் அப்படித்தான் போனார்கள். அவ்வழியே ரோமப் படை வந்தது, பிரெஞ்சுப் படை வந்தது, புனிதர் சந்தியோகுமையரின் கோயிலுக்கு நடக்கும் யாத்திரிகர்கள் இன்றும் வருகிறார்கள் என்பார் சிஞ்ஞோரா. எங்கள் மன்னாரில் கோட்டை கட்டின பறங்கிகளின் ஆறு என்பதால் எனக்கும் அதில் ஒரு உரிமை வந்துவிட்டது.

சிஞ்ஞோராவுக்குப் பிடித்தது ரோமப் படையின் கதை. லீமா மறதியின் ஆறு, அதைக் கடந்தால் ஊர், வீடு, சொந்தப் பெயர் எல்லாம் மறந்துபோகும் என்று பயந்து வீரர்கள் இக்கரையிலேயே நின்றுவிட்டார்கள். தளபதி தனியே கொடியோடு கடந்து, அக்கரையில் நின்று ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவருக்கு ஒன்றும் மறக்கவில்லை என்று கண்ட பிறகே அவர்கள் தண்ணீரில் கால் வைத்தார்கள். “எத்தனை தளபதிகளுக்குத் தங்கள் ஆட்களின் பெயர் தெரியும்?” என்று கேட்டுவிட்டு சிஞ்ஞோரா காப்பியைக் குடிப்பார்.

பிறகு அவருக்கே மறதி வந்தது. அடுப்பை மறந்தார், கணவர் இறந்ததை மறந்தார். மிலானோவில் இருந்த மகன் ஒரு மருத்துவரை அனுப்பினார். வீட்டில் வைத்திருக்க முடியாது என்று மருத்துவர் சொன்னால் முதியோர் இல்லம்தான். சந்தையைப் பார்த்தபடி அவர் உட்காரும் பால்கனியை விட்டு அவரைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. மருத்துவர் முதலில் சிஞ்ஞோராவிடம் கேட்டது பெயரைத்தான். அவர் யோசித்து, மிக மரியாதையாகப் பதில் சொன்னார்:

“சிஞ்ஞோரா.”

மருத்துவர் என்னைப் பார்த்தார். அடுத்த வாரம் இன்னொரு தடவை வந்து பார்ப்பதாகச் சொல்லிப் போனார். மகனுக்கு அவர் மம்மா, மீன்காரனுக்கு சிஞ்ஞோரா. எனக்கோ வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமே இல்லை. கணவர் போன பிறகு அந்தப் பெயரை யாருமே வாயால் சொல்லவில்லை. காதில் விழாத பெயர் எத்தனை நாளைக்கு நிற்கும்?

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். “பேர் சொல்லிக் கூப்பிடன். அவ என்ன, உன்ர மாமியே?” என்றார் இவர்.

மறுநாள் காலை சிஞ்ஞோரா வீட்டின் நீண்ட நடைக்கூடத்தின் அந்தக் கோடியில், எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் சுவரைப் பிடித்தபடி நின்றார். நான் சமையலறை வாசலில் இருந்தேன். சந்தியோகுமையரை நினைத்துக்கொண்டு கூப்பிட்டேன், வெறும் பெயர், முன்னும் பின்னும் ஒன்றுமில்லாமல். அவர் திரும்பினார். முகம் சின்னப் பெண்ணின் முகமாக மாறியது. “எக்கோமி” என்றார். இந்தா வாறன் என்று அர்த்தம். சுவரை விட்டுவிட்டு நேரே என்னிடம் நடந்து வந்தார். அன்றிலிருந்து காப்பிக்கும் குளிப்புக்கும் பெயர் சொல்லியே கூப்பிட்டேன். மருத்துவர் மறுபடி வந்து கேட்டபோது பெயரைச் சொன்னார், தந்தை வீட்டுப் பெயரையும் சேர்த்து. முதியோர் இல்லப் பேச்சு அதோடு நின்றது; கடைசிவரை தன் வீட்டில், தன் கட்டிலிலேயே படுத்தெழும்பினார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது.

இப்போது அதே நகரத்தின் இன்னொரு பக்கம், பிரான்காச்சோவில் இருக்கிறோம். பஸ்ஸில் நான் சிஞ்ஞோரா, கோயிலில் அக்கா, பிள்ளைகளுக்கு அம்மா. இவருக்கு நான் கல்யாணமான நாள் தொட்டு “இஞ்சேரப்பா” தான். போன ஞாயிறு காப்பியை அந்த ஓட்டில் இறக்கி வைத்துவிட்டு, இனி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கோ என்றேன். “இந்த வயசிலையோ?” என்று சிரித்துக்கொண்டே பால்கனிக்குப் போனார். பிறகு அங்கிருந்து என் பெயர் கேட்டது.

“ஓம், வாறன்” என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.