வெறும் வயிற்றில் மருந்து

என் வீட்டுக்காரர் குறிஞ்சிப்பாடி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நினைவில்லாமல் கிடந்தார், விழுங்க முடியாது என்று மூக்கு வழியாக ட்யூப் போட்டிருந்தார்கள். கஞ்சியை வடிகட்டி நான் விடுவேன். ஃபிட்ஸுக்கான மாத்திரையைச் சின்ன சிஸ்டர் பொடித்து, தண்ணீரில் கரைத்து விடுவாள். அப்படியும் தினமும் ஃபிட்ஸ் வந்தது. பெரிதாக ஒன்று வந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர்.

எனக்கு அந்த சிஸ்டர் மேல்தான் சந்தேகம். பொடிப்பவள் ஏன் முதுகைக் காட்டிக்கொண்டு பொடிக்க வேண்டும்? கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். அவள் போனதும் குப்பைத்தொட்டியில் கைவிட்டு மாத்திரை அட்டையை எடுத்துப் பார்ப்பேன். காலியாகத்தான் இருக்கும். காலி அட்டையை யார் வேண்டுமானாலும் போடலாமே.

போதாக்குறைக்கு, "மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் பின்னாடியும் கஞ்சி வுடாதீங்கக்கா" என்றாள். யாருக்குக் காது குத்துகிறாள்? வெறும் வயிற்றில் மாத்திரை போனால் குடல் வெந்துவிடும் என்று எங்கள் கடலூரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அவள் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு டம்ளர் விடுவேன், போன கையோடு இன்னொரு டம்ளர்.

மூன்றாம் நாளும் ஃபிட்ஸ் வந்தது. "இவ மாத்திரையே குடுக்கறதில்ல சார்" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மருந்து ரொம்பக் குறைவாகத்தான் ஏறியிருந்தது. சிஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு உள்ளூர சந்தோஷம், பொய் சொல்வானேன்.

"கஞ்சி எப்ப வுட்டீங்க?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"மாத்திரைக்கு முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம். வெறும் வயித்துல மருந்து வுடலாமா சார்?"

"இந்த மருந்து கஞ்சியோட சேந்தா உடம்புல சரியா ஏறாதும்மா. அதுக்குத்தான் அந்த ஒரு மணி நேரம்."

மூன்று நாளாக அவர் கைகால் வெட்டிக்கொண்டு கிடந்தது என்னால். ஐயோ, பாவி நான். சிஸ்டரிடம், "என்னத் திட்டிடும்மா" என்றேன். "திட்டி என்னக்கா ஆவப்போவுது" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அதன்பின் இரண்டு நாள் ஃபிட்ஸ் இல்லை. மறுநாள் காலை அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பசிக்கிறது என்று மெல்ல வயிற்றைத் தொட்டுக் காட்டினார். மாத்திரை போய் இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது. அழுதுகொண்டே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.