அரிசி டின்னில் ஆறு வாட்ச்

சாந்தன்பாறை ஜீப் ஸ்டாண்டில் நான் வாட்ச்சைக் கழட்டினால் பக்கத்தில் நிற்கிறவர்கள் நாலடி தள்ளிப் போய்விடுவார்கள். டீக்கடைக்காரர் வெளியே கழுவி வைத்த கிளாஸையெல்லாம் உள்ளே எடுத்து வைப்பார். எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் முழுக்க என் பேர் அங்கே அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை அன்றைக்குப் பெருமையாக வைத்திருந்தேன். இப்போது எழுத உட்கார்ந்தால் என் மூஞ்சியில் நானே காறித் துப்பத் தோன்றுகிறது.

கழட்டுகிற பழக்கம் கள்ளுஷாப்பில் வந்தது. என் கல்யாணத்துக்கு அக்கா ஒரு சாதா வாட்ச் வாங்கிப் போட்டிருந்தாள். அக்கா மகளைத்தான் கட்டியிருந்தேன், அதனால் அக்காவேதான் மாமியாரும். சூரியநெல்லி எஸ்டேட்டில் அவள் கொழுந்து கிள்ளி மிச்சம் பிடித்து வாங்கிய வாட்ச் அது. ஷாப்பில் ஒருத்தன் என் இலையில் இருந்த மீனை எடுத்துத் தின்றான். அவ்வளவுதான் விஷயம். அவன் தாடையில் நான் இறக்கின இறக்கில் வாட்ச் கண்ணாடி நொறுங்கி, சில்லு என் மணிக்கட்டுக்குள் ஏறிவிட்டது. அவனுக்கு ரெண்டு பல் போனது. பல்லைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. வாட்ச் போனதற்குத்தான் மூணு நாள் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு எவனை அடிப்பதென்றாலும் முதலில் வாட்ச், அப்புறம்தான் கை. ஸ்டாண்டில் எனக்கொரு கூட்டாளி இருந்தான், அவனும் ஜீப் டிரைவர். நான் கழட்டிக் கொடுப்பதை வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பான். சண்டை முடிந்ததும் வேட்டியில் ஒரு துடை துடைத்துத் திருப்பிக் கொடுப்பான்.

அந்த வருஷம் ஏலக்காய் விலை ஏறிக்கொண்டே போனது. நான் ஓட்டினது ஒரு ஏலக்காய் வியாபாரியின் ஜீப். மூட்டை ஏற்றிக்கொண்டு மலை இறங்கிப் போடிக்குப் போனால், மொதலாளி சந்தோஷத்தில் என் கையிலும் ஏதாவது திணிப்பார். போடி லாட்ஜ் ஒன்றில் கடற்கரைப் பக்கத்து ஆள் ஒருத்தர் வந்து தங்குவார். முழுக்கைச் சட்டையை மடித்து விட்டால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வாட்ச். எல்லாம் கப்பலில் வந்த வெளிநாட்டுச் சரக்கு. கறுப்பு முகத்தில் இருட்டிலும் பச்சையாக எண் தெரிவது ஒன்று, தேதிக்குத் தனி ஜன்னல் வைத்தது ஒன்று, தண்ணீருக்குள் முங்கினாலும் ஓடுவது ஒன்று. பார்த்ததும் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. மாசத்துக்கு ஒன்று, ரெண்டு மாசத்துக்கு ஒன்று என்று வாங்க ஆரம்பித்தேன்.

அதிலே தங்க முலாம் பூசின ஒரு ஆட்டோமேட்டிக் இருந்தது. "இதுக்குச் சாவி குடுக்க வேணாம் தம்பி. கை ஆடுற ஆட்டத்துலயே ஓடும். கழட்டி ரெண்டு நாள் சும்மா வச்சா நின்னுரும்" என்று அந்த ஆள் சொன்னார். அதுதான் என் செல்லம். ஸ்டியரிங் பிடிக்கிறபோது சட்டைக் கையை ரெண்டு மடிப்பு கூடவே ஏற்றிவிட்டுக்கொள்வேன்.

வாட்ச் சேரச் சேரச் சண்டையும் சேர்ந்தது. டேர்ன், அதாவது ஸ்டாண்டு வரிசை முறை, தாண்டி ஆளேற்றினவனை ஜீப்பிலிருந்து இழுத்துப் போட்டு மிதித்தேன். வாட்ச் கண்ணாடியில் கீறல் விழ மூட்டையை உரசிக்கொண்டு போன சுமைக்காரர் ஒருத்தரின் விரலைப் பின்னால் மடக்கினேன், அது ஒடிகிற சத்தம் கேட்கிற வரைக்கும். பாவம், அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கெட்டதாகப் பேசவில்லை. ஒரு நாள் வேறொரு வியாபாரியின் மச்சினன், மலையாளத்துக்காரன், என் கையைப் பார்த்து, "பாண்டிக்கு எந்தினாடா சுவிஸ் வாச்சு" என்று கேட்டான். சுவிஸ் வாட்ச் எதற்குடா என்பதுகூடப் பரவாயில்லை, தமிழனைப் பாண்டி என்று சொன்னால் எங்களுக்கு எப்படி எரியும் என்று அந்த மலையில் பிழைத்தவர்களுக்குத் தெரியும். வாட்ச்சைக் கழட்டிக் கூட்டாளியிடம் கொடுத்தேன். சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கி லிவரை எடுத்து அவன் முழங்கைக்குக் கீழே போட்டேன். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

அதற்கு ஸ்டேஷனில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் இருந்தேன். அங்கே அடிக்க வந்த ஏட்டு, பெஞ்சில் என்னைக் குப்புறப் போட்டுவிட்டு, நிதானமாகத் தன் வாட்ச்சைக் கழட்டி மேஜைமேல் வைத்தார். அடி உள்ளங்காலில் விழுந்ததெல்லாம் அப்புறம்தான். அந்தப் பட்டை அவிழ்கிறபோது கேட்ட சின்னச் சத்தத்திலேயே எனக்கு அரை டவுசர் நனைந்துவிட்டது. வெளியே வந்து பத்து நாள் நொண்டினேன். புத்தி வந்ததா என்றால், இல்லை.

வீட்டிலும் அதே பழக்கம்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் பெண்டாட்டிமேல் எத்தனையோ தடவை கை வைத்திருக்கிறேன். குழம்பில் உப்பு கூடினால் ஒன்று, பதில் பேசினால் ஒன்று. அடிப்பதற்கு முன்னால் வாட்ச்சைக் கழட்டி ஜன்னல் கட்டையில் வைப்பேன். எங்கள் மகளுக்கு அப்போது மூணு வயசு. குளிப்பதற்காக நான் வாட்ச்சைக் கழட்டினால்கூட அது தன் தம்ளரைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடும். இதை ஸ்டாண்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்த ஊர் மூடுபனி வாட்ச்சுக்கு ஆகாது. கண்ணாடிக்கு உள்ளே ஆவி படியும். ஈரம் ஏறாமல் இருக்க அரிசிக்குள் வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து கையில் கட்டினது போக மிச்சம் அஞ்சும் எங்கள் அரிசி டின்னில் புதைந்து கிடந்தன. அவள் படியை விட்டு அரிசி எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் கையால் தடவிப் பார்த்துத்தான் எடுப்பாள். ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குகிற கை, ஒரு பொட்டுக் காயைக்கூடத் தவற விடாத கை. ஒரு காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல், அழுதுகொண்டே இருந்தது. அடுக்களையில் வெளிச்சமும் இல்லை. தேதி ஜன்னல் வாட்ச் அரிசியோடு பானைக்குள் போய்விட்டது. அரிசி களைகிறபோதுதான் பார்த்திருக்கிறாள். பதறிப் போய் முந்தானையில் துடைத்து, சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புத் திண்டில் வைத்துவிட்டாள்.

நான் முதல் டிரிப் முடித்து வந்தபோது தோல் பட்டை சுருண்டிருந்தது, முகம் வெந்து பழுப்பாகியிருந்தது. அவள் அதை எடுத்து என் கையிலேயே கொடுத்தாள்.

"மாமா, அரிசியோட வந்துருச்சு. காய வச்சிருக்கேன்."

கையில் இருந்த ஆட்டோமேட்டிக்கைக் கழட்டினேன். அரிசி டின் மூடியின்மேல் வைத்தேன். அது வழுக்கி விழாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். அப்புறம் உள்ளங்கையை விரித்து அவள் இடது காதோடு சேர்த்து அறைந்தேன். அவள் சுவரில் மோதிக் கீழே சரிந்தாள். எழுந்திருக்கப் பார்த்தவளை இன்னொரு தடவை அதே பக்கம். தண்ணீருக்குள் ஓடுகிற அந்த வாட்ச் விழுந்திருந்தால் இவள் தப்பித்திருப்பாளே என்று எனக்கு அப்போது ஒரு நினைப்பு ஓடியது. அப்படியொரு மிருகமாக இருந்திருக்கிறேன். காதிலிருந்து மெல்லிசாக ரத்தம் இறங்கி ரவிக்கையில் சொட்டியது. நான் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு ரெண்டாவது டிரிப்புக்குக் கிளம்பிவிட்டேன்.

நாலாம் நாள் காதில் சீழ் வந்தது. விஷயம் எட்டி, அக்கா சூரியநெல்லியிலிருந்து வந்து இறங்கினாள். மகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன்.

"கோவத்துல தெரியாம அடிச்சுட்டேன்க்கா" என்றேன்.

"கோவக்காரன்னு தெரிஞ்சுதான்டா குடுத்தேன்" என்றாள். "கோவக்காரன் வாட்ச்சைக் கழட்டி, பத்திரமா மூடி மேல வச்சுட்டா அடிப்பான்?"

நான் சட்டைக் கையை இறக்கி வாட்ச்சை மூடிக்கொண்டேன்.

போடியில் டாக்டரிடம் மூணு பேரும் போனோம். அவர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "டிக் டிக்னு சத்தம் வர்ற வாட்ச் இருந்தா குடுங்க, காது கேக்குதான்னு பாப்போம்" என்றார். கொடுக்கலாம் என்று நான் பட்டையை அவிழ்த்தேன். ஸ்டூலில் இருந்தவள் ரெண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்துவிட்டாள். டாக்டர் அவளைப் பார்த்தார், என் மணிக்கட்டைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார்.

சவ்வில் ஓட்டை என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். தண்ணீர் படாமல் பார்த்தால் சில வாரத்தில் தானாக மூடலாம். வாட்ச் சத்தம் என்றைக்கு அந்தக் காதில் கேட்கிறதோ அன்றைக்கு நல்லாகி வருகிறது என்று அர்த்தம். இல்லையென்றால் மதுரையில் ஆபரேஷன், அதுவும் நிச்சயமில்லை.

அன்றிலிருந்து நான் வாட்ச் கட்டவில்லை. வெந்து போனதையும் சேர்த்து ஆறையும் அரிசி டின்னில் போட்டேன். ஸ்டாண்டில் எவனாவது டேர்ன் தாண்டினால் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துவிடுவேன். அவள் காது திரும்ப வந்துவிட்டால் நான் அடிக்கவே இல்லை என்று ஆகிவிடும் என்று நம்பினேன். வேறு எதையும் அவ்வளவு ஆசையாக நான் கேட்டதில்லை. தினமும் காலையில் சாவி கொடுக்கிற வாட்ச் ஒன்றை எடுத்து, முறுக்கி, ஜன்னல் பக்கம் அவளை உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி இடது காதோரம் பிடிப்பேன்.

"கேக்குதா?"

"இல்ல மாமா."

ஒரு மாசத்துக்கு மேல் இதேதான். போகப் போக என் குரல் எனக்கே தெரியாமல் ஏறிக்கொண்டு வந்தது. ஒரு நாள் கைக்கு அகப்பட்டதை எடுத்துப் பிடித்தேன். "ஒழுங்கா கவனிச்சுக் கேளு" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"கேக்குது மாமா" என்றாள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாட்ச்சை அப்படியே ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு ஓடினேன். ஸ்டாண்டில் எல்லாருக்கும் டீ சொன்னேன். கூட்டாளியைக் கட்டிப் பிடித்தேன். விரல் ஒடிந்த சுமைக்காரரிடம் போய், "அண்ணே, அவளுக்குக் காது கேக்குது" என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ராசியான வாட்ச்சாயிற்றே, இனிமேல் இதைக் கட்டலாம் என்று ஜன்னல் கட்டையிலிருந்து எடுத்தேன். தங்க முலாம் பூசின ஆட்டோமேட்டிக். முள் நாலே முக்காலில் நின்றிருந்தது. வெளியே வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை. என் காதில் வைத்துப் பார்த்தேன். மூச்சே இல்லை. ஒரு மாசத்துக்கு மேலாக அதை யாரும் கையில் கட்டவில்லை.

அதை ஆட்டாமல் மெதுவாக எடுத்துக்கொண்டு போய், அவள் இடது காதோரம் மறுபடியும் பிடித்தேன்.

"இப்ப?"

"கேக்குது மாமா. நல்லா கேக்குது."

இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. வெறுமனே இருந்த என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை தம்ளரோடு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.