விசில் ஊதாத இடி

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் வெக்ஸ்போர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தோம். மேலே வீட்டுக்காரர் தனியாக இருந்தார். அறுபதை நெருங்கிய, அகன்ற தோள்களையுடைய வெள்ளைக்காரர். இளமையில் சம்பளத்துக்கு ஐஸ் ஹொக்கி ஆடியவர். பெரிய லீக்குக்கு அவரை எடுக்கவில்லை. அதற்கு ஒரு படி கீழே ஆறு வருடம் ஆடினார். மூக்கு இரண்டு இடத்தில் கோணியிருக்கும். வலக்கையில் மூன்று விரல்கள் மடங்காது.

அவரை அங்கிள் என்று கூப்பிட்டோம். முதலில், "நான் எப்பிடி உனக்கு அங்கிள்?" என்று கேட்டார். இரண்டு மாதத்தில் பக்கத்து வீட்டாரிடம் என்னைத் தன் பெறாமகள் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு அவருடைய குரல் எனக்கு எங்கள் தமிழில்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

என் கணவருக்கு அப்போது பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை. அங்கே எல்லோரும் ஹொக்கி பற்றியே கதைப்பார்கள். தானும் கதைக்க வேண்டும் என்று சனிக்கிழமை மாலைகளில் மேலே போய் அங்கிளுடன் இருந்து பார்க்கத் தொடங்கினார். விதிகள் அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. இடிப்பது நன்றாக விளங்கியது.

ஒரு சனிக்கிழமை நான் அவித்த கடலையைத் தாளித்து எடுத்துக்கொண்டு மேலே போனேன். ரீவியில் ஒருவன் தலையைக் குனிந்து, காலடியில் ரப்பர் வட்டைத் தேடியபடி வந்துகொண்டிருந்தான். எதிரே வந்தவன் தோளால் அவன் தாடையில் இடித்தான். விழுந்தவனுடைய கால்கள் நடுங்கின.

"அப்பிடிப் போடு. என்ன இடி," என்று என் கணவர் சோபாவிலிருந்து எழுந்துவிட்டார்.

அங்கிள் ரீவியை நிற்பாட்டினார்.

"ஏன் அங்கிள்?"

"அவன்ர காலைப் பாத்தனியே? அது குளிரிலை நடுங்கேல்லை." கடலையை வாங்கி மேசையில் வைத்தார். "முழங்கையாலை இடிச்சால் ரண்டு நிமிசம் வெளியிலை இருத்துவாங்கள். தடியாலை முகத்திலை அடிச்சாலும் தண்டனை இருக்கு. தோளாலை தலையிலை இடிச்சால் மட்டும் அது நல்ல ஆட்டமாம். விசில்கூட ஊதமாட்டாங்கள்."

மறுநாள் காலையில் ஒரு தாளோடு கீழே வந்தார். "உனக்கு ரைப் பண்ணத் தெரியும் எண்டு உன்ர மனுசன் சொன்னவர்."

யாழ்ப்பாணத்தில் ரைப்பிங் படித்து, ஒரு கந்தோரில் இரண்டு வருடம் அதே வேலை பார்த்தவள் நான். கை மறக்கக்கூடாது என்று ஒரு பழைய எலெக்ரிக் ரைப்றைற்றர் வாங்கி வைத்திருந்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அது லீக்குக்குக் கடிதம் எழுதவே பயன்பட்டது.

அங்கிளுடைய கோரிக்கை எளிமையானது. தோளோ முழங்கையோ, தலையில் இடித்தவன் இருபது ஆட்டம் வெளியே இருக்க வேண்டும். இருபதுக்குப் பிறகும் இடிபட்டவன் திரும்பி வரவில்லையா, அவன் வரும்வரை இடித்தவனும் வரக்கூடாது. இந்த இரண்டாவது வரி அவருக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு கடிதத்திலும் அதற்குக் கீழே கோடு போடச் சொல்வார். கூடவே சில கெட்ட வார்த்தைகளும் எழுதித் தருவார். நான் அவற்றை விட்டுவிடுவேன்.

"என்ர சொல்லு ஒண்டைக் காணேல்லை," என்பார், கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து.

"உந்த மெசினிலை அந்தச் சொல்லு இல்லை அங்கிள்."

என் கணவருக்கு அந்த இரண்டாவது வரியில் ஒரு சந்தேகம். "அங்கிள், நான் ஒண்டுக்கும் உதவாத ஆட்டக்காரன் எண்டு வையுங்கோ. உங்கடை திறமான ஆள் என்னை இடிச்சுப்போட்டான். 'எனக்குத் தலையிடி' எண்டு நான் ஆறு மாசம் படுத்துக் கிடந்தால்?"

அங்கிள் இரண்டு நாள் இதை யோசித்தார். "டொக்டர் சொல்லட்டும். ரீமின்ர டொக்டர் வேண்டாம், வெளி டொக்டர்," என்று வந்து சொன்னார். அதையும் ஒரு பந்தியாகச் சேர்த்தோம். லீக்கிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வந்தது. அச்சடித்த இரண்டு வரி நன்றி.

ஆறாவது கடிதத்தின்போதுதான் கேட்டேன், இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று. அவர் ரைப்றைற்றரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நானும் ஒருத்தனை இடிச்சனான். இதே மாதிரி. அப்ப ஹெல்மெற்றும் இல்லை. தூக்கிக்கொண்டு போனவங்கள். பிறகு அவன் ஆட வரேல்லை. எனக்கு விசில் ஊதேல்லை. திரும்பி வரேக்கை பஸ்ஸிலை எல்லாரும் என்ர முதுகிலை தட்டினவங்கள். இருபது ஆட்டம் வெளியிலை இருத்தியிருந்தால், ஏன் எண்டு யோசிச்சிருப்பன். அவன் உயிரோடை இருக்கிறானோ எண்டாவது கேட்டிருப்பன்."

"அப்ப லீக்குக்கு ஏன் எழுதுறியள்? அவருக்கெல்லோ எழுத வேணும்?"

சொன்ன பிறகுதான் அதிகம் பேசிவிட்டேன் என்று தெரிந்தது. அவர் எழுந்து மேலே போனார். ஒரு கிழமை கீழே வரவில்லை. வாசலில் பனியை வழிக்கும்போது கண்டாலும் தலையை மட்டும் ஆட்டினார். இன்னொரு வீடு பார்க்க வேண்டி வருமோ என்று பயந்துபோனேன்.

எட்டாம் நாள் ஒரு தாளோடு வந்தார். ஐந்து வரிதான். உன்னை இடித்தவன் நான். பிழை செய்தேன். எப்போதோ கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. மன்னித்துக்கொள். பதில் எழுத வேண்டியதில்லை. அதில் நான் நீக்குவதற்கு எந்த வார்த்தையும் இருக்கவில்லை. இடிபட்டவருடைய சொந்த ஊர் வடக்கே ஒரு சுரங்க நகரம். நூலகத்தில் அந்த ஊர்த் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி விலாசம் எடுத்தேன். அபூர்வமான குடும்பப் பெயர். ஒரே ஒருவர்தான் இருந்தார்.

கடிதம் போட்டு மூன்று கிழமையில் அவருடைய மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். அப்பா நேரே வர விரும்புகிறார், ஞாயிறு மத்தியானம் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டாள். அங்கிள் ஓம் என்றுவிட்டு உடனே கீழே இறங்கி வந்தார்.

"என்னை அடிக்க வாறானோ?"

"வந்தால் ஒண்டு வாங்குங்கோ அங்கிள்," என்றார் என் கணவர். "ரண்டாவதை நான் மறிக்கிறன்."

அங்கிள் எங்களையும் மேலே வந்து இருக்கச் சொன்னார். நான் மட்டன் ரோல்ஸ் செய்தேன். வந்தவர் மெலிந்த மனிதர். வீட்டுக்குள் வந்தும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. மகள் அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள். வெளிச்சம் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவள் சொல்ல, அங்கிள் ஒவ்வொரு ஜன்னலாகப் போய்த் திரைகளை இழுத்து மூடினார். திரும்பி வந்து எங்கே இருப்பது என்று தெரியாமல் நின்றார்.

"எனக்கு உன்னை ஞாபகமில்லை," என்றார் வந்தவர். "அண்டைக்குக் காலமை பஸ்ஸிலை ஏறினது தெரியும். பிறகு ஆஸ்பத்திரி. நடுவிலை ஒண்டுமில்லை. நீ நிண்டனியெல்லோ, சொல்லு."

அங்கிள் சொன்னார். குனிந்து வட்டைத் தேடியதை, தான் மறுபக்கத்திலிருந்து வேகமெடுத்ததை. "நெஞ்சிலை இடிச்சிருக்கலாம். உன்ர தலையைப் பாத்துத்தான் வந்தனான்."

மகள் நிலத்தைப் பார்த்தாள்.

"உன்னை எத்தினை ஆட்டம் நிப்பாட்டினவங்கள்?" என்று வந்தவர் கேட்டார்.

"ஒண்டுமில்லை. விசிலும் ஊதேல்லை."

"அது பிழை," என்றார் அவர், அமைதியாக.

"ஓம். பிழை."

வந்தவர் கேட்டார், "ஏன் என்னை?"

"நீ அதுக்குள்ளை ரண்டு கோல் போட்டிட்டாய். அதாலைதான் என்னை உன்னட்டை அனுப்பினவங்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரண்டோ?"

"ரண்டு."

"ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே. எல்லாரும் அந்த இடியைப் பற்றித்தான் கதைச்சவங்கள்."

அங்கிள் மேசையிலிருந்த சீனிப் பேணியை இழுத்து வைத்தார். அதுதான் கோல் காப்பவன். ஒரு தேக்கரண்டியை எடுத்து முதல் கோல் இடப்பக்கத்திலிருந்து எப்படி வந்தது என்று காட்டினார். இரண்டாவதில் காப்பவனை முதலில் படுக்க வைத்துவிட்டு, அவனுக்கு மேலால் வட்டைத் தூக்கிப் போட்டதைக் காட்டினார். என் கணவர், "அப்ப மற்றவங்கள் எங்கை நிண்டவங்கள்?" என்று கேட்க, ரோல்ஸ்களை எடுத்து ஆட்களாக நிறுத்த வேண்டி வந்தது. வந்தவர் இரண்டாவது கோலை மூன்று முறை போடச் சொன்னார். மூன்றாம் முறை தேக்கரண்டியைத் தானே வாங்கிக்கொண்டார். மகள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. தேத்தண்ணீர் போடுவதாகச் சொல்லி எழுந்து போனேன்.

போகுமுன் லீக்குக்கு எழுதிய கடிதங்களின் பிரதிகளை மகள் அவருக்கு வாசித்துக் காட்டினாள். கோடு போட்ட வரியில் அவர் நிற்பாட்டினார்.

"நான் திரும்பி வரவேயில்லை. இந்தக் கணக்குப்படி நீயும் பிறகு ஆடியிருக்கேலாது."

"ஓம். அதுதான் நியாயம்."

"என்ன செய்திருப்பாய்?"

"அப்பான்ர இரும்புக் கடையிலை நிண்டிருப்பன்."

"மூக்காவது நேராய் இருந்திருக்கும்," என்றார் அவர்.

அதற்குப் பிறகு இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கதைத்தார்கள். கடிதங்கள் நிற்கவில்லை; கீழே இப்போது இரண்டு பெயர்கள். லீக் அதே இரண்டு வரியைத்தான் அனுப்பியது. நாங்கள் அங்கே இருந்த வருடங்களில் அந்த விதி மாறவில்லை. நாங்கள் மில்லிக்கனில் வீடு வாங்கிப் போன பிறகும் அங்கிள் மாதத்துக்கு ஒருமுறை தன் பழைய காரில் வருவார். எங்கள் குசினித் தொலைபேசியில் வடக்கே கூப்பிட்டு, இருபது ஆட்டமா முப்பதா என்று மற்றவரோடு தர்க்கிப்பார். இருவரும் ஒரு முடிவுக்கு வரும்வரை நான் ரைப்றைற்றரில் தாளைச் செருகிவிட்டுக் காத்திருப்பேன். பெரும்பாலும் இருபத்தைந்தில் வந்து நிற்பார்கள்.