ஜாவா என்று நான் சொன்ன கத்தி

அருங்காட்சியகத்தில் ஆயுதப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்பதால், ஓய்வு பெற்றுச் செவிலிமேட்டில் குடியேறிய பிறகும் பழைய கத்திகளை என்னிடம் எடுத்து வருவார்கள். பெரும்பாலும் ஒன்றுமில்லாதவை. பட்டு நெய்கிற அந்த அம்மாள் கொண்டுவந்தது அப்படியல்ல. பாம்பு நெளிவதுபோல் அலகு, அடியில் ஒருபுறம் அகன்று, துரு மூடிக் கிடந்தது. தென்கிழக்காசியத் தீவுகளின் கிரிஸ் என்கிற குத்துவாள். கைப்பிடியும் உறையும் இல்லை.

அவருடைய அண்ணன், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கப்பலேறிப் போனவர். அவர் இறந்த செய்தியோடு யாரோ இந்தக் கத்தியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வாங்கிக்கொண்ட அப்பா, கோபத்தில் எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.

"அமாவாசைக்கு எல போட்டு, செத்தவங்கள அவங்க கீற எடத்துலேர்ந்து கூப்புடறது எங்க வூட்டு வழக்கம் சார். எங்கண்ணன எங்கேர்ந்து கூப்புடறது? அது தெரிஞ்சா போதும். அவருக்கு என்ன வுட்டா யாரு கீறாங்க?"

என்னால் சொல்லியிருக்க முடியும். ஜாவா, பாலி, மலாயா என்று இடத்துக்கு இடம் கிரிஸ் மாறும். அலகின் அடியில் வெட்டிய சிறு பற்கள், யானைத் துதிக்கை போன்ற சுருள், இரும்பை மடித்து மடித்து அடித்ததில் விழும் வரிகள், இவற்றை வைத்து ஊரைக் கணிப்போம். துருவை எண்ணெயில் ஊறவைத்து நானே மெல்ல எடுத்திருக்க வேண்டும். அன்று ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "துருவ எடுத்துட்டுக் கொண்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.

ஆயுத பூஜை நேரம். தறிக்கு முன்னால் வைக்கிற எதுவும் பளபளக்க வேண்டும் அவர்களுக்கு. புளியும் செங்கல்தூளும் போட்டுத் தேய்த்து, போதாதென்று சாணை பிடிப்பவரிடமும் கொடுத்திருக்கிறார்கள்.

"எங்க அத்த கையில குடுத்தா எருமையக்கூட வெள்ளையாக்கிடுவாங்க சார்" என்று சிரித்தாள், கத்தியைத் திரும்பக் கொண்டுவந்தபோது கூட வந்த மருமகள்.

"சும்மா இரும்மா. சார் பாத்துக்கினு இருக்காரு இல்ல?"

பார்த்தேன். பற்கள் இல்லை, சுருள் இல்லை, வரிகள் இல்லை. வெள்ளை இரும்பில் என் முகம்தான் தெரிந்தது. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஜாவா" என்றேன். அந்த அம்மாள் கத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார்.

அமாவாசைக்கு என்னையும் அழைத்தார். "ஜாவாவுல கீற அண்ணா, வந்து சாப்ட்டுப் போ" என்று இலைக்கு முன் நின்று கூப்பிட்டார். பிறகு எனக்குப் போட்ட இலையைப் பாதியில் மூடிவிட்டு எழுந்தேன். அதன்பின் ஒவ்வொரு அமாவாசையும் அந்தக் குரல் என் வீட்டிலும் கேட்டது.

தாங்க முடியாமல், கடந்த ஐப்பசியில் போய்ச் சொன்னேன். "ஜாவான்னு எனக்குத் தெரியாதும்மா. இனிமே யாராலயும் சொல்ல முடியாது. என் பேச்சைக் கேட்டுத்தான் அடையாளமெல்லாம் போச்சு."

கோபப்படவில்லை. தறியில் குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்தார்.

"அப்ப இத்தினி நாளா நான் கூப்டுக்கினு இருந்தது யார சார்? யாரு வந்து துன்னுட்டுப் போயிருப்பாங்க?"

இப்போது அண்ணனுக்கு இலை போடுவதில்லை என்று மருமகள் சொன்னாள். வேறு யாராவது வந்துவிடுவார்களோ என்று பயமாம்.

அமாவாசை மதியங்களில் நான் சாப்பிட உட்காரும்போது வாசல் கேட்டின் கொக்கி அசைகிறது. எழுந்து போவதில்லை. வந்து நிற்பவரிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.