குற்றாலத்து வரிசையில் எரிந்த பச்சைப் புள்ளி

இசக்கி அண்ணே, இதை நான் சொல்வதைக் கேட்டால் நீயே சிரிப்பாய். நீ போன பிறகும் பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள்தான் நான். எட்டாவதோடு நின்றவள், ஆனாலும் கண்ணால் பார்க்காததை நம்ப மாட்டேன். இதைக் கேட்கிற மற்றவர்களே, நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

எனக்கும் இசக்கி அண்ணனுக்கும் ஒரே இடத்தில் வேலை. ஒரு ஆஸ்பத்திரிக்குக் குற்றாலத்திலும் தென்காசியிலும் கிளை. நோயாளிகள் கணக்கு ஏறுகிற சர்வர் குற்றாலத்தில் உள்ளதுதான் ஓடும், தென்காசியில் என் மேசையில் இருப்பது அதைக் காப்பி எடுத்துக்கொண்டே இருக்கும், அது செத்தால் இதை ஓடவிட்டு மாற்றுவது என் வேலை. நடுவே இரண்டு கேபிள். இரண்டும் அறுந்தால்தான் வினை, அங்கே செத்தது சர்வரா கேபிளா என்று இங்கிருந்து தெரியாது. அது ஓடும்போதே நான் இதையும் ஓடவிட்டால், யாருக்கு எந்த ஊசி போட்டார்கள் என்பது பாதி அங்கே பாதி இங்கே ஏறிவிடும், போட்டவருக்கே மறுபடி போட்டுவிடுவார்கள். அதனால் அண்ணன் பைக்கில் போய்ப் பார்ப்பான். அவன் போன் அந்த அறை வைஃபையில் சேர்ந்ததும் என் திரையில், குற்றாலம் வரிசையில், அவன் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி எரியும். இரண்டு கேபிளும் அறுந்திருந்தால் எரியாது, ஒன்றாவது சரியான பிறகுதான் எரியும். அதனால் போய்ச் சேர்ந்ததுமே போனில் கூப்பிடுவான்.

"ஏட்டி பேச்சி, வந்துட்டேன். நான் சொல்லுத வரைக்கும் கைய மடக்கிட்டு இரி, என்ன?"

அந்தப் பைக்கில் போகும்போதுதான் அவனை லாரி அடித்தது.

அவன் செத்து இருபதாம் நாள் மதியம். வெயிலும் சாரலும் ஒன்றாக அடித்தது, ஜன்னலுக்கு வெளியே மலை இருக்கிறதா கரைந்துவிட்டதா தெரியவில்லை, நான் விழித்திருக்கிறேனா என்பதே தெரியாத மாதிரி ஒரு வெளிச்சம். திரையில் இரண்டு கேபிளும் ஒன்றாகச் சிவந்தன. இரண்டையும் ஒரே பாலத்துக்கடியில் போட்டிருந்தார்களாம், ஜேசிபி தோண்டிவிட்டது, அது பிறகுதான் தெரிந்தது.

குற்றாலத்துக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. கீழே வரவேற்பறையிலிருந்து முதலாளி போனில் கத்தினார்.

"ஏட்டி, இங்கன ஆளுக வரிசையா நிக்காங்க. மாத்திவிடு!"

"அங்கன ஓடுதோ என்னமோ அண்ணாச்சி. யாரையாவது அனுப்புங்க."

"அனுப்புததுக்கு யாரு இருக்கா? மாத்துதியா, வீட்டுக்குப் போறியா?"

மாற்றிவிட மவுஸில் கை வைத்தேன். அப்போது அண்ணன் பெயரில் பச்சை எரிந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், குற்றாலம் வரிசையில். கேபிளே இல்லாமல் அங்கிருந்து எதுவும் வர வழியில்லை. அவன் போன் நொறுங்கி, அச்சன்புதூரில் அம்மாவின் பீரோவில் கிடக்கிறது. பயமே வரவில்லை. கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணாச்சி திட்டுவது எங்கோ அருவி விழுவது போலக் கேட்டது.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கேபிளை ஒட்டினார்கள். குற்றாலத்து சர்வர் நிற்கவே இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. இடையில் அங்கே ஒரு சின்னப் பிள்ளைக்கு ஊசி போட்டுத் தென்காசிக்கு அனுப்பியிருந்தார்கள். நான் மாற்றியிருந்தால் அந்த ஊசி இங்கே தெரிந்திருக்காது, மறுபடி போட்டிருப்பார்கள். புள்ளி அணைந்திருந்தது.

மறுநாள் கம்ப்யூட்டர் பதிவை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு போனிடமும் 'இருக்கிறாயா' என்று என் கம்ப்யூட்டர் கேட்ட கேள்விக்குப் பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்று அதில் இருக்கும். குற்றாலத்திலிருந்து வர மூன்று நான்கு மில்லிசெகண்டாவது ஆகும். அன்று அண்ணன் வரி முழுக்கப் பூஜ்யம். பதில் சொல்கிறவர் இதே மேசையில் இருந்தால்தான் அப்படி வரும். இப்போதும் அந்த மேசையில்தான் தனியாக உட்காருகிறேன், அண்ணன் உட்கார்ந்த பக்கத்து நாற்காலியைப் பார்க்க முடியவில்லை.

எங்கள் இசக்கிமுத்து அண்ணனுக்காக நீங்கள் எல்லோரும் ஒரு நிமிடம் சாமியிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.