பெரட்டில் பத்தொன்பது நாள்

மலாயாவில் பெடாஸுக்கு வடக்கே ஒன்றரை மைலில் இருந்த ரப்பர் தோட்டத்தின் இரண்டாவது டிவிஷனில், 1943 மே 10, திங்கட்கிழமை, காலை ஐந்தரை மணிப் பெரட்டில் முனியாண்டி இரண்டு முறை பதில் சொன்னார். பேர் கூப்பிட்டு ஆள் எண்ணும் அந்த வரிசையில் முதல் பதில் அவருடைய பேருக்கு. இரண்டாவது, வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டில் குளிர்காய்ச்சலில் கிடந்த அமிர்தலிங்கத்தின் பேருக்கு. தலை குனிந்துகொண்டு, குரலை மெலிதாக்கி, "இருக்கேங்கய்யா" என்றார். கணக்கெழுதும் கிராணி நிமிர்ந்து பார்க்காமல் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு போட்டார்.

ஒரு கோட்டுக்கு ஒரு பால் டின் அளவு அரிசி. கோடு இல்லாதவனுக்கு அதுவும் இல்லை. ஜப்பான்காரன் வந்தபின் ரப்பர் மரத்தில் பால் வெட்டு நின்றுபோய், அந்த மரங்களைச் சாய்த்து மரவள்ளி நடும் வேலைதான் நடந்தது. தன் நாற்பது குழியோடு அமிர்தலிங்கத்தின் நாற்பதையும் முனியாண்டியே வெட்டினார். வயது நாற்பத்தொன்று. வேலை வாங்கும் மண்டோருக்கு விஷயம் தெரியும்; எல்லோர் முன்னும் கேட்டார்.

"ஒடம்பு ஒண்ணு, பேரு ரெண்டு. பொண்டாட்டியும் ரெண்டு வேணுமாய்யா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவி ராக்கம்மா சிரிக்கவில்லை. அந்தப் பய நமக்கு ஒட்டா ஒறவா என்று வீட்டில் கேட்டாள்.

குழி வெட்டும்போது அவரும் தன்னையே கேட்டுப் பார்த்தார். இரக்கம் கொஞ்சம் உண்டு. நாளைக்குத் தான் படுத்தால் எவனாவது பதில் சொல்ல வேண்டுமே என்ற பயமும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் மேலாக ஒன்று இருந்தது. அரிசி டின்னோடு லயத்தில் நடக்கும்போது பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அமிர்தலிங்கம் கையை ஊன்றி எழுந்து "அண்ணே" என்றான். கொடுக்க யாரிடமும் எதுவும் இல்லாத தோட்டத்தில் அவரிடம் இருந்தது. அந்த நேரத்தில் சொந்தப் பசிகூடச் சின்னதாகத் தெரிந்தது. இதை ராக்கம்மாவிடம் சொல்ல அவருக்கு வெட்கம்.

மே 29, சனிக்கிழமை, சயாமில் ரயில் பாதை போட எட்டு ஆள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. நோயாளிகளை விட்டுவிடலாம். யார் நோயாளி என்பதைச் செக்ரோல் சொல்லும்; ஏழு நாளுக்கு மேல் கோடு விழாதவன் நோயாளி. அமிர்தலிங்கத்தின் பேருக்கு நேரே பத்தொன்பது கோடுகள், ஒன்றுகூட விடாமல். ஐந்தாவதாக அவன் பேரைப் படித்தார்கள்.

பெரட்டு கலைந்ததும் முனியாண்டி கிராணியின் மேசைக்குப் போய் உண்மையைச் சொன்னார். சோத்துக்காகச் சொன்னதுங்கய்யா என்றார்.

"தெரியும்யா. தெரிஞ்சுதான் கோடு போட்டேன்" என்றார் கிராணி. "இப்பப் பொய்க் கோடுன்னு சொன்னா என் தலையும் போகும், உன் தலையும் போகும். எட்டுல ஒண்ணு குறையக் கூடாது. அவனுக்குப் பதிலா நீ போறியா?"

பத்தொன்பது நாளும் அவன் பேருக்குத் தயங்காமல் வந்த "இருக்கேங்கய்யா" இப்போது முனியாண்டிக்கு வரவில்லை. கிராணி வீட்டுக்குப் போகச் சொன்னார்.

திங்கட்கிழமை லாரி வந்தது. கால் நடுங்கிய அமிர்தலிங்கம் முனியாண்டியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்துவந்தான். தன் பேர் பட்டியலில் எப்படி ஏறியது என்று அவனுக்குத் தெரியாது.

"இத்தினி நாளு உசிரைப் புடிச்சு வச்சிருந்தீங்கண்ணே. மறக்க மாட்டேன்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். லாரி கிளம்பிவிட்டது. அதன்பின் அமிர்தலிங்கத்தைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை.

1944 பிப்ரவரியில் ராக்கம்மா காய்ச்சலில் விழுந்தாள். எதிர்வீட்டு மயிலம்மாள், தான் பெரட்டில் அவளுக்குப் பதில் சொல்வதாகத் தானே முன்வந்தாள்.

"வேணாம். வரலைன்னே எழுதட்டும்" என்றார் முனியாண்டி.

கல்நெஞ்சுக்காரன் என்று மயிலம்மாள் திட்டிவிட்டுப் போனாள். அந்தத் தோட்டத்தில் பெண்களைச் சயாமுக்கு எடுக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் சரி என்று சொல்ல நாக்கு எழவில்லை. தன் ஒரு டின் அரிசியைக் கஞ்சியாக்கி, ராக்கம்மாவுக்குப் பெரிய பங்காக வைத்தார். ஐந்து நாள் குடித்தாள். ஆறாம் நாள் அவள் எழவில்லை; கஞ்சி அப்படியே ஆறிப்போயிருந்தது.